மாதேஷுக்குத் தலைச்சன்

வினோதாவின் ஐந்து மாத வயிறு அவளை விட்டு இறங்கி அவள் புருஷன் மாதேஷிடம் போனது ஒரு புதன்கிழமை மத்தியானம், ஓசூர் மூக்கண்டப்பள்ளி பஸ் நிறுத்தத்தில். சித்திரை மாதம். அன்றைக்கு ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை கொஞ்சம் ஏறியிருந்தது, ரோஜாக் கட்டு இறங்கியிருந்தது, மாங்காய் மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு கர்நாடகா பக்கம் போய்விட்டது. வயிறு கை மாறியதை நாலைந்து பேர் பார்த்தார்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டதால் யாரும் நின்று விசாரிக்கவில்லை.

அந்த நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியது, ஆள் நெஞ்சு உயரம். சிப்காட் வருவதற்கு முன்பு அந்த வழியாகத் தலைச்சுமையோடு சந்தைக்குப் போனவர்கள், அடுத்த ஆளின் கை இல்லாமலே மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்கு அதுதான் இடம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக இப்படிக் கல் நடுவது வழக்கம். அவள் இறக்காமல் கொண்டுபோன சுமைக்கு ஈடாக ஊரார் சுமையாவது இறங்கட்டும் என்று. இந்தக் கல் நாராயணம்மா குடும்பத்தில் எப்போதோ செத்த ஒருத்திக்கு நட்டது. நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போன பிறகு மிஞ்சிய துண்டில் நாராயணம்மா லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். அதில் கடைசி வீடு மாதேஷுடையது. ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் கல்லைப் பிடுங்கப் பார்த்தார்கள். ஜேசிபியின் பல்தான் உடைந்தது. கல்லை விட்டுவிட்டு ரோட்டை ஒரு முழம் வளைத்துக் கொண்டுபோனார்கள்.

மாதேஷுக்குச் சொந்த ஊர் அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையம். மீசை முளைக்கும் முன்பே காட்டிலிருந்து புளி மூட்டை இறக்கியவன், பிறகு கிரானைட் பட்டறையில் கல் ஏற்றியவன், இப்போது பிரஸ் ஷாப்பில் தகடு தூக்குகிறான். எந்தச் சுமையைப் பார்த்தாலும் அவனுக்கு ஒரே கேள்விதான்: எந்த இடத்தில் பிடிக்க வேண்டும்? வினோதா நாகரசம்பட்டிக்காரி. அவள் அப்பா அடுத்தவர் மாந்தோப்புக்குக் காவல் இருந்தே வயசானவர். அவள் போனுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தாள். மூத்தவள் சௌமியாவைப் பார்த்துக்கொள்ள யாராவது வீட்டில் இருந்தாக வேண்டும் என்று அவன் காலை ஷிப்டும் அவள் மத்தியான ஷிப்டும் கேட்டு வாங்கியிருந்தார்கள். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் முழு விழிப்பில் பார்த்தது அந்த நிறுத்தத்தில்தான். அவன் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்குவான், அவள் இன்னொரு பஸ்ஸில் ஏறுவாள். நடுவில் வீட்டுச் சாவி கை மாறும், சௌமியாவின் கை மாறும், குழம்பு அடுப்பில் இருக்கிறது, கேஸ் தீரப்போகிறது என்கிற செய்தி கை மாறும். இந்த லட்சணத்தில் இரண்டாவது எப்படித்தான் உண்டானது என்று லைன் வீட்டில் ஒரு பேச்சு ஓடியது. "என்னைக்காவது பஸ்ஸு லேட்டா வந்திருக்கும்" என்று நாராயணம்மா தீர்ப்புச் சொல்லிப் பேச்சை முடித்துவைத்தாள்.

வினோதா இந்தப் பிள்ளையைக் கம்பெனியில் சொல்லவில்லை. சௌமியா வயிற்றில் இருந்தபோது வேறொரு கம்பெனியில் வயிறு தெரிய ஆரம்பித்த வாரமே, போய் ரெஸ்ட் எடும்மா என்று அனுப்பிவிட்டார்கள். ரெஸ்ட் முடிந்து போனால் அவள் ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இப்போதிருக்கிற கம்பெனியில், ஆடி முடிகிறவரை ஒரு நாள் விடாமல் வருகிறவர்களை நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் பெரிய அளவு ஓவர்கோட்டாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஐந்தாம் மாதம் வரை ஓட்டிவிட்டாள். அதற்கு மேல் எந்தக் கோட்டும் காப்பாற்றாது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

அந்தப் புதன்கிழமை அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "கொஞ்சம் புடியேன் மாமா" என்று பையை நீட்டினாள். மாதேஷ் ஒரு கையைக் கல்லில் ஊன்றிக்கொண்டு மறு கையால் வாங்கினான். பையோடு வயிறும் வந்தது. அது மூட்டை மாதிரி முதுகில் அறையவில்லை, கல் மாதிரி கீழே இழுக்கவில்லை. ஒருத்தி இடுப்பிலிருந்து இன்னொருத்தி இடுப்புக்குக் குடத்தை மாற்றும்போது தண்ணீர் ஒரு தரம் அலைந்து அடங்குமே, அப்படி உள்ளே ஏதோ அலைந்து அடங்கியது. சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் தெறித்தன. சௌமியா குனிந்து அவற்றைப் பொறுக்கினாள்.

"போயிருச்சா?" என்றான் மாதேஷ். "வந்துருச்சா?" என்றாள் வினோதா. பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவள் ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, தட்டையாகிப்போன வயிற்றின் மேல் கையை வைத்தவள், கம்பெனி கேட் வரும்வரை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு போனாள். அவன் சாவியையும் சௌமியாவையும் வயிற்றையும் எடுத்துக்கொண்டு, காலைச் சற்று அகட்டி வைத்து வீட்டுக்கு நடந்தான். ஷிப்ட் முடிந்து அவள் இறங்கியதும் அதே கல்லில் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாளிலிருந்து அது வாடிக்கையாகிவிட்டது. லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள் பேசிக்கொள்கிற மாதிரி, "புடிச்சியா?" "புடிச்சேன்." "விடறேன்" என்பார்கள். அவ்வளவுதான். கல்லைத் தவிர வேறெங்கும் அது மாறவில்லை. வீட்டில் வைத்து ஒருமுறை முயன்று பார்த்தார்கள், மாதேஷுக்கு விக்கல் வந்ததுதான் மிச்சம். வயிற்றோடு போக வேண்டியவை போயின: குமட்டல், கால் வீக்கம், சாம்பலைத் தின்கிற ஆசை. பால் மட்டும் போகவில்லை. எந்த நேரத்திலும் அது வினோதாவிடமே இருந்தது.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபசீலி, மாதேஷைப் பெஞ்சில் படுக்கவைத்து வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள். குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் வந்தது. இருபத்தைந்து வருஷ சர்வீஸில் எதைக் கண்டும் வாயைப் பிளக்காத பெண்பிள்ளை அவள். "நல்லா இருக்குது. சத்து மாத்திரைய யார் வயித்துல இருக்குதோ அவங்க போடுங்க" என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க ரெண்டு பேரும். வலி வர்றப்ப இது அம்மாகிட்ட இருக்கணும். உங்ககிட்ட வர வழி இருந்துச்சு, வந்துருச்சு. உங்ககிட்டருந்து வெளிய போக வழி இல்ல. அந்த நேரத்துல உங்ககிட்ட மாட்டிக்கிச்சுன்னா புள்ளையும் போயிரும், நீங்களும் போயிருவீங்க. வெளையாட்டில்ல" என்றாள். மாதேஷ் தலையாட்டினான். வாசலுக்கு வந்ததும் வினோதாவிடம், "வெளையாட்டில்லியாம்" என்றான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

பிற்பகலில் சௌமியா தூங்கிய பிறகு மாதேஷ் ஒருக்களித்துப் படுத்திருப்பான். வெயில் தகரக் கூரையின் மேல் பூனை மாதிரி நடந்துபோகும். அப்போதுதான் அவனுக்கு மாம்பூ வாசம் வர ஆரம்பித்தது. சுற்று வட்டாரத்தில் மாமரமே கிடையாது, வருவதெல்லாம் ஆயில் நாற்றமும் ரப்பர் நாற்றமும்தான். வாசத்துக்குப் பின்னால் ஒரு தோப்பு வந்தது. தோப்புக்குள் ஒரு சிறுமி உதிர்ந்த பிஞ்சுகளைப் பாவாடையில் பொறுக்கிக்கொண்டு போனாள். எங்கோ மருந்தடிக்கிற மோட்டார் ஓடியது, காவல் கொட்டகையில் ஓர் ஆள் இருமினார். சிறுமியின் நெற்றியில் வினோதாவின் தழும்பு இருந்தது. காலையில் துணி துவைக்கும்போது அவள் நினைத்துக்கொண்டதெல்லாம் வயிற்றில் தங்கி, மத்தியானம் தன்னிடம் வந்துவிடுகிறது என்று அவனுக்கு விளங்கச் சில நாளாயிற்று. விளங்கிய பிறகு அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சிறுமிக்குப் பின்னாலேயே நடந்தான். அவள் எங்கே விழுந்தாள், யார் அடித்தார்கள், எந்த மரத்துப் பழத்தைத் தின்னக் கூடாது என்று சொல்லியும் தின்றாள் என்பதெல்லாம் தெரிந்துபோயிற்று.

தன் பங்குக்கு வினோதா விடிகாலையில் புரண்டு படுக்கும்போது, மலைப் பாதையில் புளி மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். எதிரே ஒற்றை யானை. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடலாம், போட்டால் அது உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும், ஒரு நாள் பாடு போய்விடும். நின்றாள். கழுத்து நரம்பு தெறிக்கத் தெறிக்க நின்றாள். யானை பார்த்துவிட்டுப் போயிற்று. அன்றைக்கு நிறுத்தத்தில், "யானைக்கு முன்னால நின்னதெ எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே மாமா" என்று கேட்டாள். "சொல்ல எங்க நேரம்? உன் பஸ்ஸு வருது பாரு" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷம் சாவியையும் குழம்பையும் தவிர வேறு பேச்சில்லாமல் போனவர்கள், அந்த மூன்று மாதத்தில் ஒருவரை ஒருவர் சின்ன வயசிலிருந்து தெரிந்துகொண்டார்கள். இடையில் கிடந்த பிள்ளை தூது போய்க்கொண்டிருந்தது.

ஆனி மாதத்தில் நாராயணம்மா, வளையல் போட வேண்டும் என்று கிளம்பினாள். "ரெண்டாவதுக்கு யாரும் போட மாட்டாங்களே அக்கா, ஊரு சிரிக்கும்" என்றாள் வினோதா. அது நியாயம்தான். வளைகாப்பு தலைச்சனுக்குத்தான், இரண்டாவது பிள்ளை சத்தமில்லாமல் வந்து சேர வேண்டியது.

"உனக்குத்தாம்மா ரெண்டாவது. இவனுக்குத் தலைச்சன் கணக்கு" என்றாள் நாராயணம்மா. "தலைச்சன் சுமக்கறவனெ வெறுங்கையோட விட்டா ஆவுமா? ஏமய்யா மாதேஷு, கைய காட்டு."

இரும்பு தூக்கிப் பழகிய அந்தக் கைக்கு ஓசூர்க் கடைகளில் அளவு கிடைக்கவில்லை. தேர்த் திருவிழாவுக்குக் கடை போடுகிற வளையல்காரரிடம் சொல்லிவைத்துப் பெங்களூரிலிருந்து வரவழைத்தார்கள். ஐந்து வகைச் சோறு ஆயிற்று. நாகரசம்பட்டியிலிருந்து மாமனார் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து, மருமகனைப் பார்த்துவிட்டு, மகளுக்கு எடுத்திருந்த ரவிக்கைத் துண்டை அவன் தோளில் போட்டார். பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் ராஜசேகர் திருநெல்வேலிக்காரர். அவர்தான் கன்னத்தில் சந்தனம் பூசினார். "என்னவே, பொம்பளப் புள்ளையா ஆம்பளப் புள்ளையா? வயிறு கூம்பால்லா இருக்கு" என்றார். "மெதுவா தேய்ங்க சார், தகட்டுக்கு ஆயில் போடற மாதிரி அமுக்கறீங்க" என்றான் மாதேஷ். கண்ணாடி வளையல் சத்தம் கேட்டு உள்ளே பிள்ளை திரும்பிப் படுத்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்காத மாதிரி, முதலில் போட்டுவிட்ட வேப்பங்குச்சி வளையலைத் திருகிக்கொண்டிருந்தான்.

தப்பு நடந்தது இந்தக் கணக்கில்தான். ஆடிக் கடைசி வாரம் வந்தது. இனிமேல் வயிற்றை மாற்றாதீர்கள், அம்மாவிடமே இருக்கட்டும் என்று ஜெபசீலி ஆள்விட்டுச் சொன்னாள். வினோதாவுக்கோ ஆடி முடிய இன்னும் சில ஷிப்ட்தான் பாக்கி. நிறை வயிற்றோடு போனால் கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள். உள்ளே போய்விட்டால் போனை லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள், வீட்டில் இடி விழுந்தாலும் தெரியாது. இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். சௌமியா ஒன்றரை நாள் வலிக்குப் பிறகு பிறந்தவள். "தலைச்சன்தான் நின்னு நெதானமா வரும். ரெண்டாவது, செருப்பு மாட்டற நேரத்துல வந்துரும்" என்று நாராயணம்மா எச்சரித்தாள். "எனக்கு இது தலைச்சன்தானே அக்கா? நீதானே வளையல் போட்டே?" என்று மாதேஷ் மடக்கினான். நாராயணம்மா எழுந்து தன் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் வாயை அதுவரை யாரும் அடைத்ததில்லை என்பதால் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று இருவரும் நம்பிவிட்டார்கள். வலி அவனுக்கு வந்தாலும் தலைச்சன் வலியாக மெதுவாகத்தான் வரும், ஷிப்ட் முடிந்து அவள் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஷிப்டில் பிழைப்பவர்களுக்கு எதையும் ஷிப்டுக்குள் அடக்கிவிடலாம் என்று ஒரு தைரியம்.

பிள்ளை தன் தாயின் கணக்கில்தான் இருந்தது.

ஆடிக் காற்று தகரத்தைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், சௌமியாவுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்த மாதேஷுக்கு வலி வந்தது. கிரானைட் பலகை காலில் விழுந்தபோதுகூட அவன் சத்தம் போட்டதில்லை. இப்போது போட்ட சத்தத்தில் லைன் வீட்டில் தறி மாதிரி ஓடிக்கொண்டிருந்த டிவிகள் எல்லாம் நின்றன. நாராயணம்மா வந்து பார்த்ததும் ஆட்டோக்காரர் திம்மப்பனைக் கூவிக் கூப்பிட்டாள். "ஆஸ்பத்திரிக்கா அக்கா?" என்றார் அவர். "கல்லுக்கு விடு" என்றாள். மாதேஷைக் கல்லடியில் உட்காரவைத்தார்கள். அவன் இரண்டு கையாலும் நட்ட கல்லைக் கட்டிக்கொண்டான், வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. சௌமியா உடையாதவற்றை மட்டும் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டாள். சேதி கேட்டு ஓடிவந்த ராஜசேகர் பைக்கை எடுத்துக்கொண்டு வினோதாவின் கம்பெனி கேட்டுக்குப் போனார்.

"உள்ள இருக்க ஒரு பொண்ணக் கூப்பிடணும். அவ புருஷனுக்குப் பிரசவ வலி" என்றார். செக்யூரிட்டி அவரை மேலும் கீழும் பார்த்தான். "குடிச்சிட்டு வந்து இங்க நிக்காதீங்க சார்" என்றான்.

உள்ளே, வெள்ளை வெளிச்சத்துக்கு அடியில், வினோதா ஓர் உதிரி பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத திருகு ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று மார் கனத்தது. பனியன் நனைந்தது, சுடிதார் நனைந்தது, பெரிய அளவு ஓவர்கோட் நனைந்து பால் மேஜையில் சொட்டியது. அவள் எழுந்தாள். லைன் லீடர் பெண் ஓடிவந்து, "எங்க போறே? இப்ப லைன விட்டா உன் ஆடிக் கணக்கு போச்சு. இன்னும் ரெண்டு நாள்தான்டி" என்றாள். வினோதா தன் ஸ்டூலை ஒரு தரம் பார்த்தாள். சௌமியா வயிற்றில் இருந்த காலத்திலிருந்து அவள் கனவில் வருகிற ஸ்டூல் அது. "என் புள்ள அவருகிட்ட மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு, தரையெல்லாம் பால் சொட்டச் சொட்ட வெளியே நடந்தாள். கேட்டில் அவளைப் பார்த்த செக்யூரிட்டி தடுப்புக் கம்பியைத் தூக்கினான்.

அவள் வந்து சேர்ந்தபோது மாதேஷின் முகம் சாம்பலாகியிருந்தது. ராஜசேகர் பைக்கை நிறுத்துவதற்குள் குதித்து, ஓடிவந்து கல்லில் முதுகைச் சாய்த்தாள். "குடு மாமா" என்றாள். மாதேஷ் கொடுக்கவில்லை. கொடுக்க வரவில்லை. வாழ்நாளெல்லாம் தூக்கியதை எல்லாம் எப்போது இறக்குவோம் என்று பார்த்தே தூக்கியவன் அவன். இந்த ஒன்றுக்கு மட்டும் அவன் உடம்பு திறக்க மறுத்தது. கொடுத்துவிட்டால் நாளை மத்தியானம் கை மாற எதுவும் இருக்காது. மாம்பூ வாசம் வராது. பிஞ்சு பொறுக்குகிற சிறுமி போய்விடுவாள். வினோதாவுக்கு அது புரிந்தது, அவன் நினைப்பதெல்லாம் அவளுக்கு வந்து பழகியிருந்தது. அவள் குனிந்து அவன் காதில், "விடு மாமா. யானை போயிருச்சு. மூட்டையெ எறக்கு. நான் புடிச்சிக்கிட்டேன்" என்றாள்.

"புடிச்சியா?"

"புடிச்சேன்."

"விடறேன்" என்று விட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை. ஜெனரல் ஷிப்ட் முடிந்து பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டை, சாம்பல் சட்டை, மஞ்சள் கோடு போட்டது என்று ஒவ்வொரு கம்பெனி யூனிபாரமும் வந்து கல்லைச் சுற்றி நின்றது. துப்பட்டாக்களைச் சுற்றிலும் மறைப்பாக நீட்டிப் பிடித்தார்கள். ஆடிக் காற்று அவ்வளவு வீசியும் ஒரு துப்பட்டாகூட அசையவில்லை. ஜெபசீலி ஸ்கூட்டியில் வந்து ஸ்டாண்ட் போட்டபோது பிள்ளை பாதி வந்துவிட்டிருந்தது. பெண். வெளியே தரையில் கிடந்த மாதேஷ், அழுகைச் சத்தம் கேட்டதும் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதான். அந்தக் கல் அன்றிலிருந்து சூடாகவே இருக்கிறது. பனிக் காலத்தில் நாய்கள் அதன் மேல் ஏறிப் படுக்கின்றன.

பிரசவக் கோடுகள் மாதேஷின் வயிற்றில்தான் விழுந்தன, இன்னும் இருக்கின்றன. நாராயணம்மா அவனுக்கும் சேர்த்து மருந்துக் குழம்பு வைத்துப் போட்டாள். வினோதா நிரந்தரமாகவில்லை. அந்த இரண்டு நாளுக்காக அவள் பெயர் விட்டுப்போயிற்று. நாலைந்து மாதம் கழித்து ஆள் எடுக்கிறார்கள் என்று அதே கம்பெனிக்குப் போனாள், எடுத்துக்கொண்டார்கள். மறுபடி முதலிலிருந்து கான்ட்ராக்ட். கைக்குழந்தை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, அவளை வயிற்றோடு பார்த்தவர்கள் அங்கே யாரும் இல்லை. மாதேஷ் மத்தியானம் இறங்கியதும் கல்லடியில் பிள்ளைக்குக் கடைசிப் பால் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவாள். வேறு சில ஜோடிகளும் கல்லில் சாய்ந்து பார்த்தார்கள். சிலருக்கு மாறியது. வேலூர்க்காரர் ஒருவருக்குப் பெண்டாட்டியின் பல்வலி மட்டும் வந்து ஒரு வாரம் நின்றது. அப்பன் சுமந்த பிள்ளை என்பதால் அப்பன் பெயரில் மாதேஸ்வரி என்று வைத்தார்கள். எப்போதாவது தூக்கத்தில் அவள் காற்றில் கையை நீட்டி எதையோ பொறுக்குவாள்.

பிள்ளையைத் தாத்தாவுக்குக் காட்ட நாகரசம்பட்டிக்குப் போன நாளில், கிருஷ்ணகிரி பஸ்ஸில் உட்கார இடமில்லை. வினோதா சௌமியாவோடு முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றாள். மாதேஷ் மாதேஸ்வரியைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தான். சீட்டில் உட்கார்ந்திருந்த காவேரிப்பட்டணத்து அம்மாள் ஒருத்தி, கூடையை மடியில் வைத்தபடி விசாரித்தாள். "ரெண்டும் பொண்ணா? அடுத்தது பையனுக்குப் பாக்கலியா?"

"அவளுக்குத்தாங்க ரெண்டு" என்றான் மாதேஷ். "எனக்கு இது ஒண்ணுதான்."

அந்த அம்மாள் பிள்ளையைப் பார்த்தாள், அவன் சட்டைக்கு அடியில் இன்னும் முழுசாக வற்றாத வயிற்றைப் பார்த்தாள். கூடையைக் கீழே இறக்கி, ஜன்னலோரமாக நகர்ந்தாள்.

"மொதப் பிரசவம் ஒடம்பு தேற நாளாவும். அதுக்குள்ள நின்னுக்கிட்டு வர்றியே" என்றாள். "உக்காரு வா."

அவன் உட்கார்ந்தான்.